இருமுறை வந்த பதினொரு நிமிடம்

வாலிநோக்கம் டவரடியில்
தகரப் பெட்டி அறை.
கதவைத் திறந்தால் முதலில் உப்பள வாடை,
அடுத்து டீசல், அதற்கும் அடியில் எலி.
ஊர் தூங்கும்போதுதான் இதைத் தொடலாம் என்று
இரவு இரண்டு மணியை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள்.
டிரைவர் முத்துராக்கு ஜீப்பில் குறட்டை.

உச்சியில் காளான் மாதிரி இருக்கும் ஜிபிஎஸ் குடைக்கு
ஆடி மாதமே காது போய்விட்டது.
கேபிளின் கழுத்தை உப்பு தின்றிருந்தது.
வானத்தைக் கேட்க முடியாத கருவி
அன்றிலிருந்து தன் நெஞ்சுத் துடிப்பையே எண்ணி
மணி சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு முன்னால் வந்தவன் நம்புவேல்.
மின்சாரம் போய் வந்து
1970, ஜனவரி ஒன்று என்று அது உளறியபோது
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் அடித்திருக்கிறான்.
சாயல்குடி பஸ்ஸுக்காக
அவன் வாட்ச் எப்போதும் பத்து நிமிஷம் முந்தி.
ஆக, பத்து நம்புவேலுடையது.
மிச்சம் ஒன்று, கருவி
தானாகச் சம்பாதித்தது.

லேப்டாப்பைச் செருகினேன்.
முதலில் பெயர். யாரும் வைக்காததால்
'ரவுட்டர்' என்றே அழைக்கப்பட்டிருந்தது,
நாயை நாய் என்று கூப்பிடுவதுபோல.
வாலிநோக்கம்-1 என்றேன்.
பிறகு நேர மண்டலம்: கூட்டல் ஐந்தரை.
அக்கரைக்கும் அதே ஐந்தரைதான்.
தண்ணீரில் கோடு போட்டவர்கள்
மணியை மட்டும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், யாரை நம்புவது என்று கேட்டது.
மேலே அணுக்கடிகாரம், பூஜ்யம்.
அதன் வாயைப் பார்ப்பது ஒன்று.
மதுரை இரண்டு, ராமநாதபுரம் மூன்று,
நாங்கள் நாலாம் படி.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்பார்கள் வெளியே.
இங்கே பதினாறு என்று திரையில் வந்தால்
நாதியற்றது, நம்பாதே என்று அர்த்தம்.
இரண்டு மாதமாகப் பதினாறிலேயே கிடந்தது.

மெல்ல இழுத்துச் சரிசெய்யலாம்,
யாருக்கும் தெரியாது, பதினைந்து நாளாகும்.
வெட்டினால் ஒரு நொடி.
பிளாஸ்க்கில் டீ ஆறிப்போயிருந்தது.
வெட்டினேன்.

02:20 என்றிருந்தது
02:09 ஆயிற்று.

வெளியே உப்பு லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
கடலில் நாலைந்து விளக்கு,
முன்பு இருந்த இடத்திலேயே.

மூன்றாம் நாள் மதுரைக் கணக்குப் பிரிவிலிருந்து
எப்சிபா மேடம் மெயில்:
'மர்ஜானா, இதைக் கொஞ்சம் விளக்கவும்.
47இல் முடியும் எண் 02:14க்கு
12இல் முடியும் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறது. எடுக்கவில்லை.
12 திருப்பிக் கூப்பிட்டது 02:13க்கு.
கூப்பிடுமுன் எப்படிப் பதில்?'

பதிவைத் திறந்தேன்.
47, கடல் பக்கத்து ஆன்டெனா. சிக்னல்
அறுந்து அறுந்து வந்திருக்கிறது.
இருபத்தாறு நொடி மணி அடித்து ஓய்ந்தது.
12, ஊருக்குள். பேச்சு இரண்டு நிமிஷம் எட்டு நொடி.

ஒன்று பழைய 02:14,
மற்றது புதிய 02:13.
நடுவில் உண்மையில் பத்து நிமிஷம்.
அந்தப் பத்தில் 12 தூங்கினாளா,
ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு
வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாளா,
அவளா அவனா என்பதுகூட எனக்குத் தெரியாது.
நான் அறிந்தது இவ்வளவே:
என் பதிவேட்டில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு
உட்கார இடமில்லை.
அங்கே, கடலிலிருந்து ஒருவர் கேட்குமுன்பே
கரை பேசிவிட்டது.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
'கடிகாரம் பதினொரு நிமிடம் பின்வைக்கப்பட்டது.
அழைப்புகள் இரண்டும் சரி. வரிசை தவறு.'
அனுப்புமுன் ஒருமுறை படித்தேன்.
வேறெதுவும் சேர்க்கவில்லை.

நம்புவேலுக்கும் சொன்னேன். சிரித்தான்.
வாட்சை மாற்ற மாட்டானாம்.
சாயல்குடி பஸ்
இதுவரை ஒருநாள்கூட
அவனுக்குத் தப்பியதில்லை.