இரண்டாம் ஞாயிறு மட்டும்

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும்
திறந்திருக்கும் என்றது பலகை.
மழை பெய்தால் அதுவும் இல்லை
என்று கீழே வேறொரு கையெழுத்து.

மொந்தெவிதேயோவிலிருந்து மூன்று மணி நேரம்.
அதில் பாதிக்கு மேல்
நானும் எல்பியோவும் பேசிக்கொள்ளவில்லை.
காரணம் நினைவில்லை.
பொய். நினைவிருக்கிறது:
சமையலறை ஓடுகளின் நிறம்.
ஓடுகளில்தான் தொடங்கினோம்.

பின்சீட்டில் லவ்தாரோ, பதினைந்து வயது,
காதுகளை அடைத்துக்கொண்டு.
மைத்தே, ஆறு வயது, ஆடுகளை எண்ணிக்கொண்டு.
நானூற்றுப் பன்னிரண்டில் தூங்கிப்போனாள்.

யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நிலையம்.
வாசலில் எங்களை வரவேற்ற யமிலாவுக்கு
முழங்கைவரை கிரீஸ்.
மற்ற நாட்களில் கசாப்புக் கடையில் வேலையாம்.
"இங்கே ரத்தம் கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்"
என்று மணிக்கட்டை நீட்டினாள் கைகுலுக்க.

உள்ளே ஒரு பல் மருத்துவர், அதெமார்,
அழுத்தமானியின் முன் குனிந்து
பல் சுரண்டும் ஊசியால்
எண்களின் இடுக்கில் அடைந்த களிம்பை எடுக்கிறார்.
வாயைத் திற என்று சொல்லாத குறை.

அருங்காட்சியகம் என்பது இரண்டு அறைகள்.
விளக்குகள், தொப்பிகள், நாக்கு இல்லாத ஒரு மணி,
பிறகு
யாரும் கேட்டு வராத பொருட்களின் பதிவேடு.
சத்தமாகப் படித்தேன்:
ஒரு குடை. ஒரு குடை.
ஒரு வயலின், உறை இல்லாமல்.
ஒரு குடை.
மணமகள் காலணி, இடது.
எல்பியோ மூக்கால் சிரித்தான்,
என் பக்கம் பார்க்காமல்.
அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா
தெரியவில்லை.

ரயில் என்பது ஒற்றைப் பெட்டி,
பழைய பேருந்துக்குத் தண்டவாளச் சக்கரம் மாட்டியதுபோல்.
பாதை அறுநூறு மீட்டர்.
அப்புறம் முள்வேலி, வேலிக்கு அப்பால்
எங்களைவிட அமைதியான மாடுகள்.
கெட்டி அட்டையில் டிக்கெட்.
யமிலா தொப்பி மாட்டிக்கொண்டு துளையிட்டாள்:
டக், டக், டக், டக்.
மைத்தே ஜன்னலோரம் உட்கார்ந்து
நடைமேடை நாய்க்குக் கையசைத்தாள்,
நெடுந்தூரம் போகிறவள்போல்.

போகும்போது போயிற்று.
வேலியருகே இருமிற்று. நின்றது.
அதெமார் இறங்கி மூடியைத் திறந்து
உள்ளே வெகுநேரம் பார்த்தார்.
"பிடுங்கித்தான் ஆகவேண்டும்" என்றார்,
எதை என்று சொல்லவில்லை.

ஆக, காசு கொடுத்து ஏறியவர்கள்
இறங்கித் தள்ளினோம்.
மைத்தே இறங்கவில்லை.
டிக்கெட்டை ஜன்னலில் ஒட்டிப் பிடித்துக் காட்டினாள்.
நியாயம்தான்.

முதலில் அசையவே இல்லை.
இரும்புக்கு எங்களைப் பற்றி
ஒரு அபிப்பிராயமும் இல்லை.
ஈரப்புல்லில் செருப்பு வழுக்கியது.
எல்பியோவின் தோள் என் தோளில் இடித்தது.
"தள்ளு" என்றேன்.
இரண்டு மணி நேரத்தில் முதல் சொல்.
"தள்ளிக்கொண்டுதானே இருக்கிறேன்."
"சாய்ந்துகொண்டிருக்கிறாய்."
"சாய்வதும் ஒருவிதத் தள்ளல்தான்"
என்றான், மூச்சு வாங்க,
அப்போதுதான் எங்கோ ஒரு சக்கரம்
கிரீச்சிட்டு மனசு மாறியது.

நகரத் தொடங்கியபின் சிரமமே இல்லை,
அதுதான் சிரமம்.
முன்னே ஒரு சாலை குறுக்கிடுகிறது.
"யாராவது கொடியோடு ஓடுங்கள்!"
பிரேக்கைப் பிடித்தபடி யமிலா கத்தினாள்.
லவ்தாரோ காதுகளிலிருந்ததைப் பிடுங்கி
என் கையில் திணித்துவிட்டு ஓடினான்.
அவன் ஓடி நான் பார்த்து எவ்வளவு காலம்.
சாலை நடுவே சிவப்புத் துணியை விரித்து
ஒரு பால் லாரியை நிறுத்தினான்.
லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.
என் உள்ளங்கையில்
அவனுடைய பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த நிலையம், நாய்!"
என்று அறிவித்தாள் மைத்தே, உள்ளேயிருந்து.

அதெமார் பணத்தைத் திருப்பித் தர வந்தார்.
யாரும் வாங்கவில்லை.
யமிலா பேரேட்டில் எழுதினாள்:
பயணம் ஒன்று. போய்த் திரும்பியது.
எப்படி என்று எழுத அதில் பத்தி இல்லை.

ஓடுகளைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை.
திரும்பும் வழியில் பேசினோம்,
அதைப் பற்றி அல்ல.
ஸ்டீயரிங்கில் துரு படிந்தது.
வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தோம்,
பின்சீட்டின் அடியில், சுருட்டி,
அந்தச் சிவப்புக் கொடி.
திருப்பிக் கொடுக்கவேண்டும்.
அடுத்த மாதம், இரண்டாம் ஞாயிறு,
மழை இல்லாவிட்டால்.