நான்காம் கூண்டு

ஹர்மட்டான் புழுதி இலோரின் மேல் இறங்கிய மாதம்
நான்கு கூண்டுகளில் குஞ்சு விட்டேன்,
கூண்டுக்கு முப்பது.
நடுவில் கரிச்சட்டி, சுற்றிலும் தார்ப்பாய்.

முதல் கூண்டுக்கு லாகோஸிலிருந்து வந்த பை.
நொதி, அமிலம், ஈஸ்ட், வைட்டமின்;
பையின் மேல் புஜம் காட்டும் ஒரு சேவல்.
விலை, என் அறை வாடகையில் பாதி.
இரண்டாம் கூண்டுக்கு இஞ்சியும் பூண்டும்,
நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து,
தீவனம் கிலோவுக்குப் பத்து கிராம்.
அந்த வாரம் முழுக்கப் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
மூன்றாவதற்குக் கசப்பிலை.
குழம்புக்கென்றால் அலசி அலசிக் கசப்பை எடுப்போம்.
கோழிக்கு அலசவில்லை.

நான்காம் கூண்டுக்கு ஏட்டில் ஒரே சொல்:
ஒன்றுமில்லை.
சோளம், சோயா, தவிடு, உப்பு.
அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.
மற்ற மூன்றும் எவ்வளவு வளர்ந்தன என்று சொல்ல
ஏதும் பெறாத ஒன்று வேண்டும்.

செவ்வாய்தோறும் தராசு.
காலைக் கட்டிக் கொக்கியில் மாட்டினால்
தலைகீழாக என்னை விசாரிக்கும்.
இருபத்தெட்டாம் நாள்,
பை: ஆயிரத்து நூற்று அறுபது கிராம்.
இஞ்சி பூண்டு: ஆயிரத்து எழுபது.
கசப்பிலை: தொள்ளாயிரத்து எண்பது, ஆனால் ஒரு சாவுகூட இல்லை.
ஒன்றுமில்லை: ஆயிரத்து நூற்று நாற்பது.

தராசைத் தட்டிப் பார்த்தேன்.
முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றது.
ஒன்றுமில்லாததைத் தின்று இவ்வளவு கொழுத்த உயிரை
எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
எட்டரை மணிக்குக் காவல்காரர் மல்லம் காம்போ
டார்ச்சைக் கம்பியில் மாட்டிவிட்டு
நான்காம் கூண்டின் அருகே குந்தினார்.
எனாமல் கிண்ணத்தில் ஸோகலே,
அவித்த முருங்கைக்கீரையில் இடித்த கடலைப் பிண்ணாக்கு,
வெங்காயம், கொஞ்சம் காரம்.
ஒரு வாய் அவருக்கு.
ஒரு பிடி வலைக்குள்.
ஒரு வாய் அவருக்கு.

"எத்தனை நாளாக?"
"கரிச்சட்டியை எடுத்ததிலிருந்து."
திடுக்கிடக்கூட இல்லை அவர்.
"எவாடோமி, மற்றதற்கெல்லாம் பொட்டலம் பொட்டலமாகத் தூக்கி வருகிறாய்.
இவற்றிடம் மட்டும் வெறுங்கையோடு வந்து எடை பார்க்கிறாய்.
என்ன தப்பு செய்தன?"
எனக்குத் தெரிந்த ஹௌசாவில்
ஒப்பீடு என்பதற்குச் சொல் இல்லை.
கைகளால் இரண்டு தட்டு வரைந்து காட்டினேன்.
"புரிகிறது," என்றார்.
"ஆனால் அவை பார்த்துக்கொண்டிருக்கும்போது
எப்படி விழுங்குவது?"
பிண்ணாக்கில் என் பட்டம் கரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதல் கேட்டுக்கு வெளியே சாப்பிடச் சொன்னேன்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

எட்டரை மணிக்கு
நான்காம் கூண்டின் முப்பதும் எழுந்து
(எண்ணினேன், இருபத்தொன்பது, ஒன்று நொண்டி)
கேட் பக்கத்து வலையில் மார்பு அழுந்த நின்றன.
தொட்டியில் தீவனம் நிரம்பித்தான் இருந்தது.

ஏட்டைத் திறந்து
ஒன்றுமில்லை என்பதை அடித்தேன்.
எழுதினேன்: ஒருவரின் இரவுச் சாப்பாட்டில் பங்கு.
பதினான்கோ பதினைந்தோ இரவுகள். அளவு தெரியவில்லை.
அடுத்த வரியில், அன்றைய தேதியிட்டு:
நிறுத்தப்பட்டது.

காரணம் என்ற கட்டத்தில்
பேனா ஒரு மைப்புள்ளி வைத்துவிட்டு நின்றது.
வெளியே, கிண்ணம் கழுவும் சத்தம்,
வழக்கத்தைவிடச் சீக்கிரம்.