காலர் பொத்தான்

கடலூர் அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு,
இரவு இரண்டே கால்.
பத்தொன்பதாம் படுக்கைக்கு டிரிப்ஸ் மாற்றிவிட்டு வந்து
போனில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத்தான்
சீன சீரியல் பார்க்கிறேன்.
ஒரு முற்றம், மூன்று மருமகள்கள்.
அடியில் ஓடும் எழுத்தும் சீனம்தான்.
ஒரு சொல் விளங்காது.
கதை மட்டும் ஒருநாளும் தப்பிப் போனதில்லை.

மூத்தவள் கழுத்துவரை பொத்தான் போடுகிறவள்.
மாமியார் இருமினால்
கை தானாக மேலே போய்
போட்ட பொத்தானையே இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கும்.
கடைக்குட்டிக்கு அகலக் கை, பழம் நீட்டும்போது
பாதித் தட்டை அதுவே மறைத்துவிடும்.
நடுவிலவளைத்தான் எனக்குப் பிடிக்காது.
அவள் வாயைத் திறந்தாலே
எங்கோ ஒரு கதவு அறைகிறது.

முப்பத்தாறாவது எபிசோடில் அவள்
அதே ஊதா அங்கியில் மூன்றாம் முறை வந்தாள்.
கைவிளிம்பு மட்டும் வேறு துணி.
கேமரா முகத்துக்குப் போகவில்லை.
விளிம்பில் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு
தேநீர்க் கோப்பைக்குப் போய்விட்டது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்துவிட்டது, நகைப்பெட்டி காலி.
எழுதியவனைவிடத் தைத்தவளுக்குத்தான்
அந்த வீட்டைப் பற்றி அதிகம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை
முதுநகர் வீட்டில் பாகப்பிரிவினை.
சித்திரைப் புழுக்கம். பத்திரம் பறக்காமலிருக்க
அதன்மேல் டார்ச் லைட்டை வைத்திருந்தார்கள்.
கொழுந்தன் தில்லைநாதன் சொன்னான்:
"இந்துவுக்கு இடம் வேண்டாமாம். ரொக்கம்தான் வேணுமாம்."
பெரிய நாத்தனார் உதட்டைச் சுழித்தாள்.
நானும்தான். பழகிய உதடு.

ஓரகத்தி இந்துமதி பீரோவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.
அந்த வேக்காட்டிலும் முந்தானையைக்
கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தாள்.
காபி டம்ளரை எடுக்கக் குனிந்தபோது அது விலகியது.
கொடி இல்லை. மஞ்சள் கயிறு.
புத்தம் புதுசு.
கயிறு மாற்ற, ஆடிப்பெருக்கு வர
இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது.
வேர்வையில் சாயம் இறங்கி
சந்தன ரவிக்கையின் கழுத்துப் பட்டியில்
ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள்.

எட்டுப் பவுன் கொடி அது.
கல்யாணத்தன்று தராசில் வைக்காத குறையாகப் பார்த்தவள் நான்.

எல்லோரும் செக்குபந்தி படித்துக்கொண்டிருந்தார்கள்,
வடக்கே வாய்க்கால், கிழக்கே மரக்காயர் மனை.
நான் அந்த ஒரு விரல் மஞ்சளைப் படித்தேன்.
பிறகு தில்லைநாதனைப் படித்தேன்.
புதுச் சட்டை. பெட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை.
காலருக்கடியில் குண்டூசி ஒன்றைக்
கழற்ற மறந்திருந்தான்.

என் கை மேலே போயிற்று.
அங்கே பொத்தான் இல்லை, என் கொடிதான் இருந்தது.
அதை உள்ளே தள்ளி
முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகினேன்.
இந்து பார்த்தாள்.
டம்ளரைக் கீழே வைக்காமல் பார்த்தாள்.

"அண்ணி, சாட்சிக்கு இங்க ஒரு கையெழுத்து."
பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே
இடத்தை இந்து பேரில் எழுதச் சொன்னேன்.

மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.
ஏன் என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.
என்னிடம் வசனம் இல்லை.