பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு மதியம் வரும் பேருந்தில்
கேரட் விதை டப்பாக்களோடு
மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.
"கடை வைக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார் கண்டக்டர்.
டீச்சராம்.
ஆறு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று,
இரண்டு பேருக்கு அம்மா.
பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தேழு.

சாலை சரிந்த வாரம் பள்ளி வேன் நின்றது.
டிரைவர் திருப்பூருக்குப் போனதும் மொத்தமாக நின்றது.
அடுத்த வேன் வரும்வரை என்றுதான்
வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம்.
இப்போது
வேன் வந்துவிடுமோ என்றிருக்கிறது.

முதல் பெட்டி முழுக்கப் பளபளப்பு.
நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கர்.
பதினான்காம் வாரம்:
கடற்கரைக்குப் போய்க் கிளிஞ்சல் பொறுக்கி வரவும்.
பெற்றோர் கையேட்டில்
நான் பேச வேண்டியதுகூட அச்சாகியிருந்தது.
'சபாஷ் கண்ணா! இன்னொரு முறை முயல்வோமா?'
உரக்கப் படித்தேன்.
பியூலா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்,
யாரோ வந்திருப்பதாக நினைத்து.

இரண்டாவதில் மரத்துண்டுகள், கண்ணாடி மணிகள்.
விலையைச் சவரிராஜ் பூண்டில் மாற்றிச் சொன்னான்:
"ரெண்டு மூட்டை. அதுவும் நல்ல விலைக்குப் போனா."
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
நூறு மணிகள் கோத்த சங்கிலியை
விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான்
சோறு ஆறும்வரை.

மூன்றாவது மெலிசு.
கறுப்பு வெள்ளையில் ஆறு புத்தகம், ஸ்டேப்பிள் அடித்தது.
முன்னுரையில் யாரோ ஒரு பெண்
'எல்லா நாளும் நடக்காது' என்று எழுதியிருந்தாள்.
அந்த வரியில் நின்றுவிட்டேன்.
என்றாலும் பயம்.
புத்தகம் மெலிசாக இருந்து
பிள்ளைகள் படிப்பும் மெலிசாகிவிட்டால்?

வத்தலக்குண்டிலிருந்து அக்கா போனில்:
"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் போகுது, உன் பிள்ளைக்கு மட்டும் என்ன?"
காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
விலை. தமிழ். கணக்கு. என்னால் முடியுமா.
நாலாவது கட்டத்துக்கு வந்தபோது
கரண்ட் போனது.
வந்த பிறகும் அதை நிரப்பவில்லை.

ஒன்பதாம் நாள் காலை.
உறைபனி கருக்கிய நாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்
இனிகோ தரையில் குப்புறக் கிடக்கிறான்.
மெலிசுப் புத்தகம், பக்கம் பதினொன்று:
'உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை வரை.'
வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு
இந்தக் கேள்வியை யார் வைத்தார்களோ.
அவன் யோசிக்கவில்லை.
பாயில் தொடங்குகிறது கோடு.
வாளியைச் சுற்றி, புறவாசல் வழியாக வெளியே.
அங்கே கொம்பும் வெள்ளைக் காலுமாக ஒரு காட்டுமாடு.
அது போகும்வரை கோடு நிற்கிறது,
நின்ற இடத்தில் பெரிய புள்ளி.
பிறகு அடுப்படிக்கு ஓட்டம்.
அடுப்புக்குப் பக்கத்தில் குச்சிக் கையோடு ஒருத்தி,
கூந்தல் மட்டும் தாராளம்.
கீழே, ல திரும்பிக்கொண்ட 'இஸ்கூல்'.

வரைந்தது மூட்டையில் நம்பர் போடும் மார்க்கரால்.
மூன்று பக்கம் ஊறி இறங்கியிருந்தது.
விதி நாலு: எழுதிய புத்தகம் திரும்பப் பெறப்படாது.
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
என் விரல்தான் நீலமானது.

மற்ற இரண்டையும் கட்டும்போது
மணிகளை எண்ணச் சொன்னேன்.
"தொண்ணூத்தொம்பது" என்றான் இனிகோ.
மறுபடி எண்ணினான், தொண்ணூத்தொம்பதேதான்.
சவரிராஜ் பேசாமல் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்,
அறுந்த கம்பியை நேராக்கிக்கொண்டே.

மாலைப் பேருந்து.
லக்கேஜுக்குக் காசு நீட்டிய கையைக்
கண்டக்டர் பார்த்தார்.
"என்ன டீச்சர், இன்னிக்கு எலெக்‌ஷனா?"
"ஆமாண்ணே" என்றேன்.
"ஓட்டு இன்னும் எண்ணி முடியல."