ரிவர்ஸ்

குறும்பனைத் திருவிழா வெடிக்குப் பயந்து
கட்டிலடியில் மூன்று நாளாய்ச் சுண்டன்.
தக்கலை மாட்டாஸ்பத்திரி டாக்டர்
மாத்திரைக்குக் கீழே எழுதினார்:
புல்லாங்குழல், காலையும் மாலையும்.

போட்டேன்.
ஒரு காதை மட்டும் திருப்பியது.
வீணைக்குக் கொட்டாவி.
கோயில் பாடகர் குழு பாடியதும்
இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது.

நேற்று மதியம்
சந்து முனையில் ஒரு டெம்போ
பின்னால் எடுக்கையில் பாடியது
அந்தச் சுதி கெட்ட மெட்டை.
பாய்ந்தது சுண்டன்,
வால் கதவில் படபடவென்று அடிக்க.

டெலஸ் மஸ்கட்டுக்குப் போகுமுன்
விற்ற வண்டிதான்.
எவனோ ஒருவன்
பக்கத்து வீட்டில் சிமெண்ட் இறக்கிவிட்டுப் போனான்.
முன்னால் போகையில் அது பாடாது.

மருந்துச் சீட்டை நீட்டி
நாயைத் திட்டித் தீர்த்தேன்,
வாசல் வரைக்கும்
நானும் செருப்பில்லாமல் ஓடிவந்ததை
அது கவனித்துவிடாதபடி.