நீலக் கதவு

திபிலீசியில் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை,
முதுகில் கதவோடு
தெருவைக் கடந்தார் ஒருவர்.
கண்ணாடி பதித்த நீலக் கதவு.
வெளிச்சத்துக்காகத்தான் எடுத்தேன்.

ரொட்டிக்கடையில் மாட்டியதும்
வாஜா மாவுக் கையைத் துடைக்காமல் நின்றார்:
"அவள் போன அன்று
இதே சத்தம்."
படத்தில் சத்தமே இல்லை.

மருந்துக்கடை லமாராவுக்கோ
காசு போட்டால் நகரும் லிஃப்ட்,
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன மூன்று மணி நேரம்.
கூட இருந்தவன் பெயரை மட்டும்
விழுங்கிவிட்டாள்.

மார்ச்சில் அவரே வந்தார், ரொட்டி வாங்க.
"அளவு தப்பிப்போச்சு.
அறுத்துப் பார்த்தும் சாத்தவில்லை.
இப்போது அதில்தான் சாப்பிடுகிறோம்."

பிறகு படத்துக் கண்ணாடியில் விரல் வைத்து,
"இது யார்?"

நான்தான்.
ஒரு கண் கேமராவில்.
இறுக மூடிய மற்றது
எதையோ
பார்த்துக்கொண்டிருக்கிறது.