ஒற்று மிகும் இடம்

கணபதியில்
மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
ராத்திரி ஷிஃப்டில் ஆறு பேர்
ஊர் உலகத்து ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டுகிறோம்.
சென்னியப்பனுக்குச் சிறுநீரகவியல்.
பிரமிளாவுக்குக் கடற்பாசி.
எனக்கு வாய்த்தது ருமேனியாவின் நவீன வரலாறு,
வருஷத்துக்கு இரண்டு இதழ்,
அச்சேறுவது இருநூற்றுப் பத்துப் பிரதி.

நான் கோபியில் பி.காம். படித்தவள்.
ருமேனியா வரைபடத்தில் எந்தப் பக்கம் என்று
மூன்று இதழ் முடியும்வரை பார்க்கவில்லை.
வேலைக்கு அது தேவைப்படவில்லை.
தேவைப்பட்டது ஒரு காற்புள்ளி:
எஸ் எழுத்தின் காலடியில், ஒட்டாமல்,
ஒரு மயிரிழை விட்டு.
ஒட்டிவிட்டால் அது துருக்கிக்காரர் எழுத்தாம்.
அவர்களுக்குக் கப்பம் கட்டிய கதை
பதினேழாம் அடிக்குறிப்பில் இருக்கிறது,
அதனால் ஆசிரியர் குழு கோபித்துக்கொள்ளும்.

நம் புள்ளி தலைமேல் ஏறி உயிரை எடுக்கும்.
அவர்கள் புள்ளி காலைப் பிடித்து
எழுத்தை 'உஷ்' என்று சொல்லவைக்கும்.

போன இதழில் ஒரு பட்டியல்,
கூட்டுப்பண்ணைக்கு மாட்டை ஒப்படைக்க மறுத்தவர்கள்.
மாடுகளின் பெயரும் இருந்தது.
அதை மட்டும் சாய்வெழுத்தாக்கச் சொன்னார்கள்.

இந்த இதழில் நான்காவது கட்டுரை ஒரு நூற்பாலை.
எண்பத்து நாலாம் வருஷம்.
எழுதியவர் வியோரிகா என்றொரு அம்மாள்.
போலீஸ் கோப்பிலிருந்து எடுத்த அட்டவணையை
எட்டுப் புள்ளி அளவில் அடுக்கினேன்:
பிப்ரவரி 9. ரிங் பிரேம் பகுதி. 'கை விறைக்குது' என்றாள்.
பிப்ரவரி 11. எண்ணெய் வரிசையில் பெருமூச்சு விட்டாள்.
மார்ச் 2. ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள்.

சிரித்ததற்கு ஒரு வரி.
அதற்கும் ஒரு கோப்பு எண்.

அந்தப் பெண்ணின் பெயர்
212இல் ஒரு மாதிரி, 219இல் ஒரு மாதிரி,
231இல் இன்னொரு மாதிரி.
கேள்வி பதினாலு என்று போட்டு அனுப்பினேன்:
எது சரி, ஒன்றாக்கிவிடலாமா?

மறுநாள் பதில் வந்தது.
'ஒன்றாக்க வேண்டாம். மூன்று ஒற்றர்கள்.
அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள்.
அவள் தன் கையால் எழுதியது
கோப்பில் எங்கும் இல்லை.'

ஒற்று என்றால் ஒன்பதாம் வகுப்பில்
எனக்கு மார்க் போகும் இடம்.
மிகும் இடம், மிகா இடம் என்று
கரும்பலகை நிறைய எழுதிப்போட்டும் ஏறவில்லை.
இப்போது ஏறியது:
ஒரே ஆலையில், ஒரே பகுதியில், மூன்று.

சரிபார்க்கும் மென்பொருளுக்கு இந்த இலக்கணம் கிடையாது.
மூன்றையும் சிவப்பில் வட்டமிட்டது.
தரம் பார்க்கிற குழந்தைசாமி
நாற்காலியோடு உருண்டு வந்தார்.
'ஏனுங்க, மூணு பிழை காட்டுது.
ஒண்ணாக்கி விட்டுருங்க, இன்சென்டிவ் போயிருமுங்க.'
'அது பிழையில்லீங்க.'
'மிஷினுக்குத் தெரியாதுங்களே.'

மேலே கேமரா.
பத்து நிமிஷத்துக்கொரு தரம்
எங்கள் திரையைப் படம் பிடிக்க இன்னொன்று.
அன்று என் திரை அசையாமல் நின்ற ஏழு நிமிஷத்துக்கு
எங்கோ ஒரு வரி ஏறியிருக்கும்.

இருநூற்று நாற்பது ரூபாய் போனது.
பிரமிளாவுக்குப் பப்ஸ் காசு பாக்கி, அது வேறு.

விடிகாலை நாலு பத்துக்குக் கோப்பை அனுப்பினேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஆடி மாசத்து வேகத்தில்
மாடித் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
கேட்க ஒன்று மிச்சம்:
வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள்?
பக்க எண் இல்லாத கேள்வியைப் படிவம் ஏற்காது.
பூஜ்யம் என்று போட்டுப் பார்த்தேன்.
சென்னியப்பன் டீக்குக் கூப்பிட்டான்.